துன் சம்பந்தனும் பத்து வெள்ளிப் பங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

துன் வீ.தி. சம்பந்தனைப் பற்றி நம் ஏடுகளில் வரும் நினைவுக் கட்டுரைகள், அவர் 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வுக்கு (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சிக்கு) தலைமை தாங்கியதையும் வகித்த அமைச்சர் பதவிகளையும் எடுத்துக்கூறிய அளவில் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. அவருடைய பொதுவாழ்வில் அதற்கு இணையான வேலை வேறொன்று இல்லை என்று கருதுவதாலேயே இதை எழுதுகிறேன்.

மலாயாவின் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் விற்ற ரப்பர் தோட்டங்களை வாங்கியவர்கள், அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிக் கைமாற்றி லாபம் பார்த்தார்கள். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட அந்த வியாபாரத்தில் பால்மரம் சீவியவருக்கு வேலை போனது. தொழிலாளர் வாழ்ந்த லயத்து வீடு (வரிசை வீடு) தோட்டத்தின் உடைமை என்பதால் குடியிருப்பும் அதோடு போனது. இதற்கு மாற்றாக, தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்கென 1960-இல் சங்கத்தைத் தொடங்கிய சம்பந்தன், அப்பணியில் உடன் உழைத்த கே.ஆர். சோமசுந்தரத்துடன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர் வீடுகளிலேயே இரவு தங்கி, பத்துப் பத்து வெள்ளியாக (மலாயா டாலராக) பங்குப் பணம் திரட்டினார். கூலியில் அரிசிக்கும் மளிகைக் கடனுக்கும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளியின் கனம் தெரியும். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் கொள்முதல் ஆனது.

சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்த வீராசாமியின் மகனாகப் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவருக்குத் தோட்டக் கணக்கு புதிதன்று. மரத்தின் வயது, மறுநடவுச் செலவு, ரப்பர் விலையின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை அறிந்த ஒருவர் ஏழைகளின் சேமிப்பைப் பொறுப்பேற்றதும், அரசியலில் சொந்தச் சொத்தைக் கரைத்தவர் என்று பெயரெடுத்ததும் சேர்ந்தே தொழிலாளர்களுக்கு அவர்மீது நம்பிக்கையை உண்டாக்கியிருக்க வேண்டும். (நம் காலத்தில் அரசியலும் நிதி நிறுவனமும் ஒரே கையில் சேர்ந்தால் மக்கள் முதலில் தம் சட்டைப்பையைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.)

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். துண்டாடலின் வேகத்துக்குச் சங்கத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. வாங்கியதைவிடக் கைவிட்டுப்போன தோட்டங்களே மிகுதி. பங்குதாரராகிவிட்ட தொழிலாளி தனக்கென்று ஒரு துண்டு நிலம் பெறாமல், சங்கத்துத் தோட்டத்தில் கூலியாகவே நீடித்தார் என்ற விமர்சனத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

கோலாலம்பூரிலுள்ள விஸ்மா துன் சம்பந்தனில் நூல் வெளியீடு, பாராட்டு விழா என்று வந்துபோகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அக்கட்டடம் யாருடைய சங்கத்தின் தலைமையகம் என்று தெரியும்? அன்று பங்குப் பணம் கட்டிய முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கலாம். வரும் ஜூன் 16, அவரது பிறந்தநாளுக்குள், அவர்களைத் தேடிப் பேட்டி கண்டு, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய பங்குச் சான்றிதழ்களின் படங்களுடன் ஒரு ஞாயிறு தொடரைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈப்போ.