மணல்மேட்டு உடைப்பை அடைக்கப் பணம் வேண்டும்

ஊரில் இருப்பவர்களுக்கும், திருப்பூர், துபாய், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போயிருக்கும் நம்ம அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிகளுக்கும் மணல்மேட்டுக் குழுவின் வணக்கம். இந்த வசூல் கோயிலுக்கு இல்லை. வடக்குக் கடற்கரையில் மணல்மேடு உடைந்து கிடக்கிறதே, அதை அடைக்கத்தான் கேட்கிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் உயிர்களுக்கு மேல் போனது. அதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வயல் மேல் கறுப்புச் சேறும் மணலும் படிந்து கிடந்தது, குளத்தில் மீன் செத்து மிதந்தது, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. இனி இந்த மண்ணில் எதுவும் விளையாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம், ஆனால் வயல் அந்த அளவுக்குக் கைவிடவில்லை: சேற்றை வாரி, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, 2005 ஐப்பசி கார்த்திகையில் மழையும் கொட்டித் தீர்த்ததில் உப்பு கரைந்து வடிந்து, மாவட்டத்தில் பல இடங்களில் சீக்கிரமே நெல் வந்துவிட்டது.

மேடு மட்டும் வரவில்லை. சுனாமிக்கு முன்பே வண்டி போக ஒரு வழி, வீடு கட்ட நாலு லோடு மணல் என்று நாமே அதைக் கரைத்திருந்தோம், அலையும் அந்த வெட்டு வழியாகத்தான் வேகமாக உள்ளே வந்தது, வந்ததோடு வெட்டை இன்னும் அகலமாக்கிவிட்டுப் போனது. (மணல்மேட்டைக் கலைக்கக் கூடாது என்று கடற்கரை ஒழுங்குமுறை விதி 1991லிருந்தே இருக்கிறது, யார் படித்தோம்!) மேட்டில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக நிற்கும். மேடு தணிந்தால் அந்த நல்ல தண்ணீரும் குறையும். சித்திரையில் வடக்குத் தெரு அடிபம்பு கரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுனாமியைக் கிளப்பிய அதே நிலநடுக்கத்தில் நிகோபாரில் இந்திரா முனைப் பக்கம் தரையே 4 மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்துவிட்டது. தீவுகளின் அலையாத்திக் காடுகள் எப்போதும் தண்ணீரில் நின்றே பட்டுப்போயின. அங்கே காசு கொடுத்துத் தரையைத் தூக்க முடியுமா? நமக்கு அந்தக் கதி இல்லை, தரை அப்படியே இருக்கிறது, போனது மணலும் அதைப் பிடித்து வைத்திருந்த கொடியும்தான்.

சவுக்கு வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். வேதாரண்யம் பக்கத்து நாலுவேதபதியில் 2002ல் ஊரே கூடி நட்ட மரங்கள் சுனாமியில் கைகொடுத்தது உண்மை. ஆனால் அதே வேதாரண்யம் பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது சவுக்கும் தென்னையும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தோமே. சவுக்குச் சருகு மூடிய இடத்தில் கொடி தழைப்பதும் கஷ்டம், ஆமை முட்டையிடும் மணலில் அதை வைக்க எங்களுக்கு மனமும் இல்லை. அதனால் முன்வரிசையில் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும், அதன் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் புன்னையும் பனையும். இதெல்லாம் சுனாமியைத் தடுத்துவிடும் என்று சொல்லி உங்களிடம் காசு வாங்க மாட்டோம். அலையாத்தி இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005ல் ஆய்வுகள் வந்தன, அப்புறம் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள் ஊர் இருக்கும் உயரமும் கடலிலிருந்து அதன் தூரமும்தான் பெரிய காரணம் என்றார்கள். சாதாரணப் புயலுக்கும் வாடைக்காற்றுக்கும் உப்பு உள்ளே வராமல் இருந்தாலே எங்களுக்குப் போதும்.

வேலை இதுதான். உடைப்பின் குறுக்கே தென்னங்கீற்றுத் தட்டி வரிசையாகக் கட்டினால் காற்று கொண்டுவரும் மணல் அங்கேயே தங்கும், ஐப்பசி மழை பிடிக்கும் முன் கொடித்துண்டும் கன்றும் நட வேண்டும், பிறகு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றி ஆடு மாடு வராமல் பார்க்க ஆள் வேண்டும். பெரிய செலவு இந்த ஆள் கூலிதான், இதை விட்டால் நட்டது அத்தனையும் வீண். எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். ஊர்த் தலைவர்களான நாட்டார்கள் ஒவ்வொரு படகுக்கும் 500 ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியூரில் இருப்பவர்கள் முடிந்ததைக் கொடுங்கள், 200 ரூபாயானாலும் ரசீது உண்டு. காசு முடியாதவர்கள் கீற்று முடைந்து கொடுக்கலாம், தட்டி கட்டும் அன்று வந்து நிற்கலாம். வரவு செலவு மாதாமாதம் மீன் ஏலக் கூடத்துச் சுவரில் ஒட்டப்படும். ஒரே ஒரு கோரிக்கை: படகுக்கும் வண்டிக்கும் தெற்கே தனி வழி விடுகிறோம், நட்ட பிறகு தட்டியைப் பிரித்துக் குறுக்கே யாரும் வண்டி ஓட்டாதீர்கள்.