கோலம் அழிந்த கதை

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பேத்திக்கு மொட்டை போட்ட படம் பார்த்தேன், அப்படியே உன் சாடை. முழங்கால் வலியைப் பற்றி நானும் எழுத ஆரம்பித்தால் தாள் பத்தாது, விடு.

உன் அப்பாவின் டைரியைத் தட்டச்சு செய்ய மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகப் போவதாக எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்த அவசரப் பதில். அங்கே ஏற்பாடு எப்படியோ, போனதும் கேட்டுக்கொள். நான் இங்கே ஒரு நூலகத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

அம்மாவின் தாலாட்டுகளைச் சேர்த்து வருகிறேன் இல்லையா? ஒருநாள் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து, நாலு மணிக்குள் ஐந்து பாட்டு அடித்து, டெஸ்க்டாப்பில் 'அம்மா' என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் திரை துடைத்து விட்டாற்போல் இருக்கிறது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். அங்கிருந்த பையன் சிரித்தான். "யாரும் அழிக்கலை மேடம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலே பழையபடி ஆயிடும்."

டீப் ஃப்ரீஸ் என்று ஒரு மென்பொருளாம். ஊரார் எல்லாம் தொடும் கணினி என்பதால், யார் என்ன சேமித்தாலும், வைரஸே வந்தாலும், மறுமுறை ஆன் செய்யும்போது எல்லாம் போய்விடும். வாசல் கோலம் மாதிரிதான், விடிந்தால் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிடுகிறார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நடுவில் ஆஃப் செய்யாவிட்டால் எதுவும் அழியாது. நான் எழுந்த நாற்காலியில் அடுத்து உட்காருபவர் என் ஃபைலைத் திறந்து படிக்கலாம். என் ஜிமெயிலையும்தான். அன்றைக்கு அதிலிருந்து வெளியேறவும் மறந்திருந்தேன். வீட்டுக்கு வந்து செல்போனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், அந்தக் கணினியை வெளியேற்றிய பிறகுதான் சாப்பாடு இறங்கியது. இப்போதெல்லாம் இன்காக்னிட்டோ ஜன்னலில்தான் மெயில் திறக்கிறேன், மூடினால் லாகின் போய்விடும். ஆனால் டவுன்லோட் செய்த ஃபைல் அப்படியே கிடக்கும், அதை நாம்தான் அழிக்க வேண்டும். பேங்க் வேலை எதையும் அங்கே வைத்துக்கொள்ளாதே.

அப்புறம் ஒரு பென் டிரைவ் வாங்கினேன். எழுதியதை அதில் ஒன்று, எனக்கே மெயிலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைக்கிறேன். எஜெக்ட் கொடுக்காமல் வெடுக்கென்று பிடுங்காதே. எப்போதாவது ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் பதறி ஃபார்மட் செய்துவிடாதே. அது வைரஸ் வேலை, ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயே மறைந்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் பெரிய கூத்து. அந்தக் கணினியில் இருந்தது பாமினி எழுத்துரு. பழைய வகை, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வேஷம் போட்டுக் காட்டும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். பென் டிரைவைத் தம்பி வீட்டில் செருகித் திறந்தால், 'அம்மா' இருந்த இடத்தில் ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச்! ஃபைல் பத்திரம், தமிழைத்தான் காணோம். நல்லவேளை, பாமினியை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன. அரசாங்கம் யூனிகோடை ஏற்று 2010-லேயே ஆணை போட்டாகிவிட்டது, ஆனால் பழைய எழுத்துருக்கள் இன்னும் பல கணினிகளில் உட்கார்ந்திருக்கின்றன. நீ முதலில் நாலு வரி அடித்து, மெயிலில் அனுப்பி, செல்போனில் தமிழாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போ.

அழிந்த ஐந்தில் நாலு பாட்டைத் திரும்ப எழுதிவிட்டேன். ஐந்தாவதில் மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில் ஒரு வரி, அன்றைக்கு அடிக்கும்போது தானாக வந்தது, இப்போது எவ்வளவு யோசித்தும் வரமாட்டேன் என்கிறது. உன் அத்தையும் அதைப் பாடுவாங்களே, அடுத்த முறை போகும்போது கேட்டு எழுது.

அன்புடன்,
கமலா