டிக் டிக் சத்தத்தின் பொருள் சொன்னவர்களுக்கு நன்றி

வணக்கம்.

போன கோடை விடுமுறையில் என் மகளுக்காக ஒரு பழைய லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்எக்ஸ்டி பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். லெகோ துண்டுகளால் ரோபோ கட்டி, நிரல் எழுதி ஓட்டும் பொம்மை அது. 2006இல் வந்த மாடல். ஆறு பேட்டரிகளைப் போட்டு ஆரஞ்சு பட்டனை அழுத்தினால் திரையில் ஒன்றுமே வரவில்லை. உள்ளேயிருந்து கைக்கடிகாரம்போல மெல்லிய டிக் டிக் சத்தம் மட்டும். மகள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அப்பா, இதுக்கு உயிர் இருக்குப்பா" என்றாள். எனக்கு நம்பிக்கையே இல்லை.

அவள் சொன்னதுதான் சரி. அதை எனக்குப் புரியவைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பெயர் தெரியாத ஒருவருக்கு. அந்தச் சத்தம் பழுதல்ல, ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அழிந்துபோய்ப் புதியதற்காகக் காத்திருக்கும் அடையாளம் என்று நீங்கள் எழுதி வைத்திருந்தீர்கள். ஏற்றும்போது பாதியில் நின்று சத்தமும் அடங்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் விடவில்லை. எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. பின்பக்கம் யூஎஸ்பி துளைக்குக் கீழே இருக்கும் ஓட்டையில், நிமிர்த்திய ஜெம் கிளிப்பை விட்டு சில விநாடிகள் அழுத்தினோம். மறுபடி டிக் டிக். அந்தச் சத்தம் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

அப்புறம் நிரல் எழுத வேண்டுமே. இங்கே கொஞ்சம் பின்னால் போய் நன்றி சொல்ல வேண்டும். 1998இல் முதல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் வந்தபோது, ஸ்டான்ஃபோர்டு மாணவர் கெக்கோவா ப்ரவுட்ஃபுட் அதன் உள்ளே நடப்பதையெல்லாம் ஆராய்ந்து, கண்டதை எல்லோருக்கும் திறந்து வைத்தார். டேவ் பாம் அதற்கென்று சி நிரல்மொழி போன்ற ஒரு மொழியை உருவாக்கினார். மார்க் ஓவர்மார்ஸ் அதற்கு நிரல் எழுதும் எடிட்டரும், முதல்முறை எழுதுகிறவருக்கும் புரிகிற பாடமும் தந்தார். ஜான் ஹேன்சன் அந்த வழியிலேயே என்எக்ஸ்டிக்கு என்எக்ஸ்சி மொழியைக் கொண்டுவந்தார். அதற்கான பாடத்தை எழுதியவர் டேனியலே பெனடெட்டெல்லி. நாங்கள் படித்தது அதைத்தான், வரி வரியாக. பொம்மைதானே என்று நினைக்காமல் இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக உழைத்திருக்கிறீர்கள்.

ஃபிலோ என்று எல்லோரும் அழைக்கும் ஃபிலிப் ஊர்பேன் அவர்களே, நீங்கள் ஒவ்வொரு லெகோ மோட்டாரின் வேகத்தையும் இழுவையையும் அளந்து பட்டியல் போட்டிருக்கிறீர்கள். என்எக்ஸ்டி மோட்டாரைப் பிரித்து உள்ளே இருக்கும் பற்சக்கரங்களையும் காட்டியிருக்கிறீர்கள். எங்கள் வண்டி ஏன் மெதுவாகப் போகிறது என்று அதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம்.

கோட்டைத் தொடரும் வண்டிக்கு வெள்ளை சார்ட் பேப்பரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். ஒளி சென்சார் வெள்ளையில் 58 காட்டியது, கறுப்பில் 34. இரண்டுக்கும் நடு எண் 46. முதலில் எழுதிய நிரலில் வண்டி இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே போனது. 46இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதைப் பெருக்கி, அந்த அளவுக்கு மட்டும் திருப்பு என்று விளக்கியிருந்த அன்பருக்குத் தனி நன்றி. அந்த ஒரு வரியை மாற்றியதும் வண்டி வளைவில் வழுக்கிக்கொண்டு போனது. மகள் அன்றைக்குப் பெருக்கலை வேறு கண்ணோடு பார்த்தாள்.

மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 2022 கடைசியில் நின்றுவிட்டது. அதற்குப் பின்னும், லெகோ ரோபோக்களைப் பைத்தான் மொழியில் இயக்க உதவும் பைபிரிக்ஸ் மென்பொருளை வளர்த்துவரும் லாரன்ஸ் வால்க், டேவிட் லெக்னர் இருவருக்கும் எங்கள் வணக்கம். பக்கத்து வீட்டுப் பையனின் புது லெகோ ஹப்பில் (மோட்டாரையும் சென்சாரையும் இயக்கும் கட்டை) அதைத்தான் போட்டிருக்கிறோம்.

ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் சென்சார் வேறு எண் காட்டுகிறது. மகள் பகல், ராத்திரி என்று இரண்டு கட்டம் போட்டு நோட்டில் எழுதி வருகிறாள். முடிந்ததும் உங்கள் எல்லோருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
டிக் டிக் பெட்டியின் அப்பாவும் மகளும்