தண்ணி தந்த நானாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவுக்கும் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. 2020 இல் வாழைச்சேனைப் பக்கம் கொரோனா பரவி, அப்பாவுக்கும் வந்து, எங்கள் வீட்டை மூடினதை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆறப்போட்டால் மறந்துபோவோம் என்ற பயத்தில் இதை இப்பவே எழுதுகிறேன்.

வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) ஐயா, அப்பாவைப் பயமுறுத்தாமல் ஏற்றிப்போன அம்புலன்ஸ் தம்பிமார், உலர் உணவுப் பொதி தந்த கோயில்காரர், பள்ளிவாசல்காரர், போனிலேயே அம்மாவைச் சிரிக்க வைத்த என் அலுவலகப் பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி.

இனி பழைய இரும்புக் கடை நானா, எங்கள் பின்வளவு முஸ்லிம் அண்ணன்.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுக்கு ஒரு கிணறு. அதுவும் பக்கத்து வளவில். மாரியில் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது, சந்திக் குழாய்க்குத்தான் போக வேண்டும். வெளியே வராதே என்று கதவில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. தண்ணீர் வெளியேதான் இருக்கிறது. என்ன செய்வது? முதல் நாள் இருட்டினபிறகு குடத்தோடு போகலாமா என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் பின்வேலிப் பக்கம் மோட்டர்ச் சத்தம். நானா சுபஹு தொழுதுவிட்டு, தன் வளவிலிருந்து ஹோஸ் பைப்பை இழுத்து, எங்கள் முருங்கைக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இரண்டு இடத்தில் சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றின பழைய பைப். "மகள், பைப்பத் தொடாதீங்க, வாளிய அடியில வைங்க, நிரம்பினா சத்தம் போடுங்க" என்றார். சுகாதாரப் பயிற்சி வகுப்பு எத்தனையோ இருந்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு துண்டு பொருத்தி அடுத்த வீட்டுக்கும் நீட்டிவிட்டார். யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

இதில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவர் வீட்டில் இந்தக் கொரோனா வருத்தத்துக்குப் பயம் இரண்டு மடங்கு. இந்த வருத்தத்தில் செத்தால் ஜனாஸாவை (உடலை) அடக்க விடாமல் எரித்துவிடுவார்கள் என்பது 2020 ஏப்ரலிலிருந்து அப்போது இந்த நாட்டின் சட்டமாக இருந்தது. அந்தப் பயத்தோடுதான் அவர் எங்கள் வேலிக்கு வந்தார்.

மீன்காரர் கொண்டுவந்த வருத்தம் என்று ஊரில் கதைத்தார்கள். கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று இருந்தது உண்மை. ஆனால் அப்பா ஏன் மீன் லொறியில் ஏறினார்? ஏறாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. 2020 ஏப்ரலில் அரசாங்கத்தின் 5000 ரூபாய்க் கொடுப்பனவுக்குப் பட்டியல் எழுதினவள் நான், எந்த வீட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று ஓரளவு தெரியும். 2016 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வறுமையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 4.1 பேர், மட்டக்களப்பு மாவட்டத்தில் 11.3 பேர். இங்கிலாந்தில் 2020 மார்ச், ஏப்ரலில் மிக வசதி குறைந்த பகுதிகளில் இலட்சத்துக்கு 55 பேர் இந்த வருத்தத்தால் இறந்தார்கள், மிக வசதியான பகுதிகளில் 25 பேர். வீட்டுக்கு வீடு பைப் உள்ள நாட்டிலேயே அப்படி. குழாயடியில் வரிசையில் நிற்கிறவளிடமும், இரண்டு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் வைத்திருப்பவனிடமும் ஒரு மீற்றர் தள்ளி நில் என்று சொல்லி என்ன பிரயோசனம்? நானாவின் பைப் வந்த பிறகு எங்கள் நாலு வீட்டில் இரண்டு வீட்டார் குழாயடிக்குப் போகவேயில்லை. நோய் வருகிற ஒரு வழி அடைபட்டது, அவ்வளவுதான். ஆனால் அது அறிவித்தல் போட்டு அடைத்த வழி இல்லை.

வேலைக்குத் திரும்பினதும் குடும்ப விபரப் படிவத்தில் இரண்டு கேள்வி சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்: குடிதண்ணீர் எவ்வளவு தூரத்தில், கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்கு. அடுத்த தடவை வீட்டை மூடுவதென்றால் நோட்டீஸுக்கு முன்னம் தண்ணீர்ப் பவுசர் (தண்ணி லொறி) வர வேண்டும். மேலே இருப்பவர்கள் முகம் சுளித்தாலும் கேட்பேன்.

அப்புறம் நானா, இந்த மாதக் கரண்டு பில் கூடத்தான் வரும். அதைக் கேட்டு நான் வீட்டுக்கு வருவேன். "போங்க மகள்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டு ராத்தாவிடம் (அக்காவிடம்) முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.