வாசித்துக் காட்டியவர்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கும், மேஸ்திரி அண்ணனுக்கும், என் மகளின் டீச்சர்களுக்கும், பெயர் தெரியாத இன்னும் சிலருக்கும் வணக்கம்.

மகள் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். மார்க் எவ்வளவு என்று போன் போட்டவர்களுக்கு அன்றைக்கே சொல்லியாயிற்று. நான் சொல்ல வந்தது வேறு. அவளுக்கும் எனக்கும் டிஸ்லெக்சியா இருக்கிறது, அதாவது புத்தி நன்றாக இருந்தும் வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாடு. அவளுக்கு நாலாம் வகுப்பில் கண்டுபிடித்தார்கள். சோதித்துப் பார்த்த மேடம், “வீட்டில் வேற யாருக்காவது இப்படி உண்டா?” என்று கேட்டதும் என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். இது குடும்ப வழியில் வரக்கூடியது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை நான் மக்கு என்றே என்னைக் கணக்கில் வைத்திருந்தேன்.

முதலில் அக்கா. ராத்திரி உன் பாடத்தை முடித்துவிட்டு என் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசிப்பாய். ஒரு தடவை காதில் விழுந்தால் எனக்குப் போதும். மறுநாள் வாத்தியார் கேள்வி கேட்டால் முதல் ஆளாகப் பதில் சொல்வேன். அதையே தாளில் எழுதச் சொன்னால் முட்டைதான். “வாயில வர்றது கையில வராதா, எல்லாம் திமிரு” என்பார்கள். நீ ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் இதே மாதிரி பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பெர்சி என்ற தன் பெயரையே ‘பிரெசி’ என்று எழுதுவானாம். பாடம் முழுக்க வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய வாத்தியார் ஒருவர் சொன்னாராம். மகளின் டீச்சர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு உன் குரல்தான் கேட்டது.

மேஸ்திரி அண்ணே, உங்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். தொழில் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமல்லவா? கோயம்புத்தூரில் பம்ப்பு, மோட்டார் உடம்பெல்லாம் இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றித்தான் வருகிறது. அந்த மணலில் பதிப்பதற்கு முதலில் மரத்தில் ஒரு உருவம் செய்ய வேண்டும். அதுதான் பேட்டர்ன். சாமான் எந்த அளவோ அதே அளவில் செய்தால் வேலை கெட்டது. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் போலச் சுருங்கும், அதைச் சேர்த்துக் கொடுக்கணும். மணலிலிருந்து தூக்கும்போது ஓரம் உடையாமல் இருக்கப் பக்கங்களில் லேசாகச் சாய்வு விடணும். பம்ப்புக்குள் தண்ணீர் சுற்றிவரும் வழி இருக்கிறதே, அது வெறும் காலி இடம். அங்கே இரும்பு புகாமல் அந்தக் காலியை நிரப்பி நிற்க ‘கோர்’ என்ற மணல் உருவம் வேண்டும், அந்தக் கோரை அடிக்க ஒரு பெட்டி வேண்டும். இல்லாத ஒன்றை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தெரியாதவனுக்கு இந்த வேலை வராது.

உங்களிடம் என்னோடு வேலை பழகிய மற்ற பையன்கள் டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார்கள். எனக்கு மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் சாமான் மனதில் எழுந்து நிற்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழற்றிப் பார்ப்பேன். ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்புகள்தான் முழி பிதுங்க வைக்கும். இதை நீங்கள் ரெண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள், யாரிடமும் சொல்லவில்லை. “எழுத்த நான் பாத்துக்கறேன், நீ உருப்படிய பாரு” என்றதோடு சரி. படிக்கத் தெரிந்துகொண்டு வா என்று அனுப்பியிருந்தால் நான் இன்னும் வாசலில்தான் நின்றிருப்பேன். பேட்டர்னுக்குப் பெயிண்ட் அடிக்கிற முறைக்கும் நான் கடன்பட்டவன். இயந்திரத்தில் கடைய வேண்டிய பரப்புக்கு ஒரு நிறம், கோர் உட்காரும் இடத்துக்கு இன்னொரு நிறம். எழுத்தே இல்லாமல், மணல் அச்சு போடும் மோல்டருக்குச் சேதி போய்விடும். என் மனைவி இதைப் பார்த்துத்தான் பில், கொட்டேஷன், ஜிஎஸ்டி காகிதமெல்லாம் நிறம் நிறமான கோப்புகளில் போட்டு வைத்தாள். கணக்கு இன்றுவரை தவறியதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு “டிஸ்லெக்சியா இருந்தா தனித்திறமை தானா வரும்” என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உருவங்களைப் பார்ப்பதில் எங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல் வேகம் உண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியொன்றும் இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. 2017-இல் வேதியியல் நோபல் வாங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் துபோஷே, 2009-இல் மருத்துவ நோபல் வாங்கிய கரோல் கிரைடர் இருவருக்கும் டிஸ்லெக்சியா உண்டு, அது உண்மை. ஐன்ஸ்டீன் படத்தைப் போட்டு அனுப்புவதை மட்டும் விட்டுவிடலாம், அவருக்கு இருந்ததற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ‘அம்மா’ என்று எழுதவே அழுகிற குழந்தைக்கு நோபல் கதை சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு இருந்தது கண்ணும் கையும் சேர்ந்த ஒரு பழக்கம். அதற்கு வேலை கொடுக்க ஒரு ஆள் இருந்தார், அதனால் அது வளர்ந்தது.

மகளின் வகுப்பு டீச்சருக்கு: அவள் வாயால் சொல்லும் பதிலுக்கும் நோட்டில் எழுதும் பதிலுக்கும் உள்ள தூரத்தைக் கவனித்து, திட்டுவதற்குப் பதிலாக எங்களைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். கண் டாக்டரிடம்தான் முதலில் ஓடினோம். கண்ணில் கோளாறில்லை, எழுத்தையும் அதன் ஒலியையும் இணைக்கிற இடத்தில்தான் சிக்கல் என்று புரிய வைத்ததும் நீங்கள்தான்.

அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்த சிறப்பு ஆசிரியருக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளைக் கூட்டிவந்து உட்கார்ந்திருந்த சாக்கில் நானும் படித்துக்கொண்டேன். ‘கெ’ என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தத்தில் ககரம்தான் முன்னால் வருகிறது. ‘கொ’ என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நாற்பது வயதில்தான் ஒருவர் எனக்கு இதை நிறுத்தி நிதானமாகக் காட்டினார். தட்டில் மணலைப் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைத்தீர்கள். மணல் எனக்குப் பழகிய இடம்! ‘வந்துகொண்டிருந்தார்கள்’ போன்ற நீளச் சொற்களைப் பென்சிலால் கோடு போட்டுத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தீர்கள். ல, ள, ழ மூன்றும் இன்னும் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன. இந்த மடலையே நான் போனில் பேச, அது எழுத, மனைவி திருத்தினாள்.

கடைசியாக, பரீட்சை அறையில் மகள் சொல்லச் சொல்ல எழுதிய ஆசிரியைக்கு. உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகளுக்காக வந்த 1995 சட்டத்தில் இருந்த ஏழு வகைகளில் இந்தக் குறைபாடு கிடையாது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் இருபத்தோரு வகைகளில்தான் கற்றல் குறைபாடு இடம்பிடித்தது. சொல்வதை எழுத ஒரு ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம் என்ற சலுகைகள் அவளுக்குக் கிடைத்தன. ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கும் கேட்டிருக்கலாம், அவள்தான் வேண்டாம் என்றாள். “நான் தப்பாச் சொன்னதத் தப்பாவே எழுதுனாங்கப்பா, ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல” என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. வந்த மார்க் முழுக்க அவளுடையது. அதற்காக உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

இப்போது டிப்ளமோ சேரக் காத்திருக்கிறாள். அதுவரை பட்டறைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடல் போடப் பழகுகிறாள். மரத்தில் நான் செய்வதைத் திரையில் சுழற்றிக் காட்டி எனக்கே தப்புக் கண்டுபிடிக்கிறாள்.

பிள்ளைக்கு எங்கே சோதிப்பது, சான்றிதழுக்கு என்ன காகிதம் வேண்டும், பள்ளியில் யாரைப் பார்ப்பது என்று கேட்க நினைப்பவர்கள் ஞாயிறு தவிர எந்த நாள் சாயங்காலமும் பட்டறைக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். ஆனால் தயவுசெய்து எழுதி அனுப்பாதீர்கள், பேசி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
ஒரு பேட்டர்ன் பட்டறைக்காரன்
பீளமேடு, கோயம்புத்தூர்