ஜன்னலைத் திறக்க ஓடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டொர்னாடோ (மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் கடும் சுழல்காற்று) பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, சுழல் நெருங்கும்போது ஜன்னல்களைத் திறந்துவிட்டு வீட்டின் தென்மேற்கு மூலையில் ஒண்டிக்கொள்ளச் சொல்கிறது. இரண்டுமே வல்லுநர்கள் எப்போதோ கைவிட்ட யோசனைகள். நம்பிச் செய்கிறவரின் உயிருக்கே ஆபத்து என்பதால் உடனே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

சுழலின் மையத்தில் காற்றழுத்தம் வெகுவாகக் குறையும் என்பது உண்மைதான். 2003-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மான்செஸ்டர் அருகே தரையில் வைத்த கருவி ஒன்று 100 ஹெக்டோபாஸ்கல் (இயல்பான காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு) வீழ்ச்சியைப் பதிவு செய்தது. இதனால் வீடு உள்ளிருந்து வெடித்துவிடும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்த காட்சியும் அதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. ஆனால் எந்த வீடும் காற்றுப் போகாதபடி அடைபட்டதல்ல. இடுக்குகள் வழியே அழுத்தம் சமமாகிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, மையம் வந்து சேருமுன்பே பறந்து வரும் பொருள்கள் கண்ணாடிகளை உடைத்திருக்கும்.

வீட்டைச் சாய்ப்பது காற்றின் தள்ளலும் கூரையின் மேல்தூக்கலும்தான். மணிக்கு 180 கி.மீ. வேகக் காற்று, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 155 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். காற்று வரும் பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே பாயும் காற்று அதே நேரத்தில் அதை இழுக்கும். கூரை கிளம்பிவிட்டால் சுவரின் மேல்முனைக்குப் பிடிப்பில்லை. பிறகு சுவர் விழுவதற்கு நேரமாகாது.

அமெரிக்க மரச்சட்ட வீடுகளில் முதலில் தோற்பது பெரும்பாலும் கராஜின், அதாவது கார் நிறுத்தும் அறையின், அகலமான கதவு. அது உள்ளே மடங்கினால் ஒரு பக்கமே திறந்துபோன மாதிரி. அடுத்தது கூரைச் சட்டமும் சுவரும் சேருமிடம். வெறும் ஆணி, மேல்நோக்கி இழுக்கும்போது உருவிக்கொண்டு வந்துவிடும். அங்கே எஃகுப் பட்டை போட்டால் தாங்கும் திறன் பல மடங்கு கூடும். 2013 மே 20 அன்று டொர்னாடோவுக்கு 24 பேரைப் பறிகொடுத்த ஓக்லஹோமாவின் மூர் நகரம், மறு ஆண்டே கட்டட விதிகளைத் திருத்தி, புதிய வீடுகள் மணிக்கு 217 கி.மீ. காற்றைத் தாங்க வேண்டும் என்றது. ஒவ்வொரு ஊரும் இப்படிச் செய்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

தென்மேற்கு மூலை விஷயமும் அப்படித்தான். வட அமெரிக்காவில் டொர்னாடோக்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகர்கின்றன. எனவே முதல் அடி அந்தப் பக்கத்துச் சுவருக்குத்தான். அது உட்புறமாகச் சரியும். 1966-இல் கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரம் டொர்னாடோவில் சிதைந்தபின் நடந்த ஆய்வு, வீட்டின் தென்பக்கமே அதிக ஆபத்தானது என்று காட்டியது. எந்தத் திசை என்று யோசித்துக்கொண்டு நிற்காமல், நிலவறை இருந்தால் அங்கே இறங்குங்கள். இல்லாவிட்டால் தரைத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத, ஜன்னலில்லாத சின்ன அறை: கழிப்பறை, மாடிப்படியின் அடி, பொருள்கள் வைக்கும் சிற்றறை. முழந்தாளிட்டுக் குனிந்து, பிடரியைக் கைகளால் மூடி, மேலே மெத்தையோ தடித்த கம்பளியோ போர்த்திக்கொள்ள வேண்டும். தலைக்கவசம் எதுவானாலும் போடுங்கள், சைக்கிள் ஓட்டும்போது போடுவதாக இருந்தாலும் சரி. காலில் செருப்பல்ல, ஷூ. வெளியே வரும்போது தரை முழுக்க ஆணியும் கண்ணாடியுமாகத்தான் இருக்கும்.

மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவது இன்னொரு தவறான நம்பிக்கை. 1991-இல் கன்சாஸில் எடுத்த ஒரு வீடியோ அதைப் பரப்பியது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்களில் மூவர் இறந்தனர். பாலத்தடிச் சரிவில் மேலே ஏற ஏற காற்றின் வேகம் கூடும். பாலத்தின் குறுகிய இடைவெளியில் அது இன்னும் சீறும். அதோடு வரும் மரமும் தகரமும் உடலைத்தான் தாக்கும்.

எச்சரிக்கைக்கும் சுழலுக்கும் நடுவே பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. காற்றின் நகர்வை அளக்கும் டாப்ளர் ராடார் மேகத்துக்குள் சுழற்சியைக் காட்டும், ஆனால் அது தரையைத் தொடுமா என்று உறுதியாகச் சொல்லாது. அதனால் பொய்த்துப்போகும் எச்சரிக்கைகள் ஏராளம், மக்களும் அலுத்துவிடுகிறார்கள். 2011 மே 22 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஜாப்ளின் நகரில் சைரன் ஒலித்தபின்பும் பலர் வேறு உறுதிப்பாட்டுக்காகக் காத்திருந்தனர். அன்று இறந்தவர்கள் சுமார் 160 பேர். மேகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளக் காத்திருக்கக் கூடாது. மழைத்திரைக்குள் மறைந்து வரும் சுழல் கண்ணுக்கே தெரியாது.

வலுவான கட்டடமே இல்லாத இடத்தில் நிலைமை கொடியது. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில் சுமார் 1,300 பேர் மாண்டனர். இதுவரை பதிவானவற்றில் மிக அதிக உயிர்களைப் பறித்த டொர்னாடோ அதுதான். தகரமும் மூங்கிலுமான குடில்கள் காப்பாற்றவில்லை. பிய்ந்த தகரத் தகடுகளே வெட்டும் ஆயுதங்களாயின. இத்தகைய வீடுகளிலும் நகரும் வீடுகளிலும் (வண்டியில் இழுத்து வந்து நிறுத்தும் இலேசான வீடுகள்) இருப்பவர்கள், வானம் கறுக்குமுன்பே அருகிலுள்ள உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். அதற்கும் வழியில்லாதபோதுதான் தாழ்வான பள்ளம்.

காற்று ஓய்ந்தபின் வரும் சாவுகளையும் கட்டுரை சொல்லவில்லை. ஜாப்ளினில் 13 பேருக்குக் காயங்கள் வழியே மியூக்கர் பூஞ்சைத் தொற்று பரவி, ஐவர் இறந்தனர். மண்ணும் மரச்சிம்பும் உள்ளே தங்கிய காயத்தை அவசரமாகத் தைத்து மூடக் கூடாது. நன்றாகக் கழுவி, இறந்த திசுவை நீக்கித் திறந்தே விட்டு, மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். விளிம்பு கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எரிவாயு நாற்றமிருந்தால் மின்விளக்கைத் தொடாதீர்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டவே கூடாது. கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி வெளிப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு கட்டமைப்புப் பொறியாளர்