கூழ் காய்ச்சித் தாருங்கள்: நெடுந்தீவில் விடுதி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் வவுனியாவில் இருக்கிறவன். போன பள்ளி விடுமுறையில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேராக வந்து உங்கள் தீவில் இரண்டு இரவு தங்கினோம். எந்த விடுதி என்று எழுதப் போவதில்லை. இது ஒரு விடுதியைப் பற்றிய முறைப்பாடு இல்லை, உங்கள் எல்லோரிடமும் கேட்க வேண்டிய விஷயம்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகுப் பயணம். குமுதினிப் படகைப் பற்றி யாரோ கதைத்ததும் அம்மா 1985 மே 15 என்று மட்டும் சொல்லிவிட்டு, கரை வரும்வரை பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுதான் அந்தப் படகில் போன நெடுந்தீவு மக்களை வெட்டிக் கொன்றார்கள். தீவைப் பார்க்க வருகிறவர்களில் அதிகம் பேர் காலையில் வந்து, ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கமரம், குதிரைகள் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படகு போன பிறகுதான் தீவு என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரிந்தது. சாந்து எதுவும் பூசாமல் பவளக்கற்களை அடுக்கியே கட்டிய வேலிகள், அவற்றுக்கு நடுவே ஆளில்லாத ஒழுங்கை, முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத தெளிந்த தண்ணீரில் பிள்ளைகள் இருட்டும்வரை நின்ற நிற்பு. இரவில் பனையோலைச் சத்தமும் அலைச் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. நான் இப்படித் தூங்கிப் பல வருடம்.

சரி, இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் நாள் இரவு எங்களுக்குக் கிடைத்தது ஃபிரைட் றைஸ், பொரித்த கோழி, போத்தல் சோஸ். குறை சொல்ல முடியாத சமையல்தான். ஆனால் அந்தக் கோழி யாழ்ப்பாணத்தில் இருந்து ஐஸ் பெட்டியில் நாங்கள் வந்த அதே படகில் வந்தது. அடுத்த நாள் விடிய எழும்பிக் கரைக்குப் போனால், வலையில் இருந்து நண்டுகளைக் கால் முறியாமல் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்துப் பெட்டியில் கணவாய், விளைமீன், ஓரா. எல்லாவற்றுக்கும் ஐஸ் போட்டு யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிவிட்டார்கள். விடுதி வாசலில் இருந்து நூறு அடி தூரத்தில் இது நடக்கிறது.

சமையற்கட்டில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "நாங்கள் வீட்டில சாப்பிடுறதை வாற ஆக்களுக்கு எப்பிடித் தாறது தம்பி" என்றார். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இந்த மடலே.

அம்மா விடவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் இரண்டு பேருமாகச் சேர்ந்து கூழ் காய்ச்சினார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கைப்புப் போக ஊறவைத்துத் தண்ணீரை இறுத்தார்கள். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, பிறகு மீன் தலை, நண்டு, றால், கணவாய். கடைசியில் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த மாவும் விட்டு, முருங்கையிலை போட்டு இறக்கினார்கள். முற்றத்தில் வட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் ஊற்றி, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடித்தோம். என் மகள் மீன் என்றாலே முகத்தைத் திருப்புகிறவள். அவள் மூன்று தரம் வாங்கிக் குடித்தாள். வவுனியாவில் எங்களுக்குக் கிடைப்பது ஐஸில் கிடந்த மீன், அந்தச் சுவையை நான் இங்கே எப்படிச் செய்தாலும் கொண்டுவர முடியாது.

இதை எங்களுக்குத் தருவதற்கு ஏன் கூசுகிறீர்கள்? இதற்காகத்தானே கடல் தாண்டி வருகிறோம்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் கொஞ்சம் விளங்குகிறது. வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கிய தொழிலாளி, பிடித்ததை அந்த முதலாளிக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் நாளுக்கு நான்கு ஐந்து கிலோவை விடுதிகளுக்கென்று ஒதுக்க, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தோடு நீங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்து பேசலாம். முதலாளி கொடுக்கிற விலைக்கு மேலே கொஞ்சம் வைத்துக் கொடுங்கள், அதை எங்களிடம் வாங்குங்கள், தருவோம். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தும், இந்தியப் பக்கத்து றோலர் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். அப்படித் தப்பி வருகிற மீனுக்கு விலை பேச எனக்கு மனம் வராது.

அப்புறம், சாப்பாட்டு அட்டை அச்சடிக்க வேண்டாம். இன்றைக்கு என்ன பட்டது என்று காலையில் வந்து சொல்லுங்கள், அதையே சாப்பிடுகிறோம். தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்றுக்குப் படகு இறங்காவிட்டால் கருவாட்டுக் குழம்பும் ஒடியல் பிட்டும் போதும். சினை நண்டை மட்டும் யார் கேட்டாலும் வாங்காதீர்கள், முட்டையோடு பிடிபட்டதைக் கடலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். நீச்சல் குளம் கட்டும் எண்ணமும் வேண்டாம். நல்ல தண்ணீருக்கு நீங்கள் படும் பாட்டைப் பார்த்தோம், எங்களுக்கு ஒரு வாளி போதும்.

சித்திரைக்குப் பிறகு, சோளகம் எழும்ப முன் திரும்ப வருவோம். இந்த முறை தம்பி குடும்பத்தோடு ஒன்பது பேர். இரண்டு நாள் முன்னதாகவே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். பலாக்கொட்டையும் பயித்தங்காயும் நாங்கள் கொண்டுவருகிறோம், ஒடியல் மாவை மட்டும் நீங்கள் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
வவுனியாவில் இருந்து உங்கள் விருந்தாளி ஒருவன்